இரண்டு பென்னி வில்லாளிகள்

பகலில் ரெக்ஸம் ஊரில்
செயற்கைப் பல்லுக்கு நிறம் பூசுகிறேன்.
யாரோ ஒருவரின் இடது கோரை,
தேநீர்க் கறை படிந்த அண்டைப் பல்லின் பக்கத்தில்
பொய் தெரியாமல் நிற்க வேண்டும்.
இரவில் அதே தூரிகை,
அதே உருப்பெருக்கி விளக்கு,
கட்டைவிரல் முனையளவில் இருபத்துநான்கு பேர்.

சாம்பல் நிற உலோகமாக வந்தார்கள்,
அச்சின் பிசிறு காதிலும் அக்குளிலும் ஒட்டியபடி.
சுரண்டினேன், கழுவினேன், கறுப்பு அடித்தேன்.
கறுப்பில் எல்லோரும் ஒரே ஆள்.
முதலில் மூக்கு நுனி வெளியே வந்தது,
பிறகு கன்னமேடு, பிறகு விரல் முட்டி.
கண் வைக்கவில்லை.
நாண் இழுக்கிறவன் கண்ணை இடுக்கிக்கொள்வான்,
ஒரு பழுப்புக் கீற்று போதும்.

சட்டை பாதி பச்சை, பாதி வெள்ளை.
பச்சை சொன்னபடி கேட்கும்.
வெள்ளைக்கு வெள்ளையே பூசினால் சுண்ணாம்புச் சுவர்.
எலும்பு நிறம் கொடுத்து, மடிப்பில் பழுப்புச் சாயம் ஓடவிட்டு,
மேட்டில் மட்டும் வெள்ளையைத் தொட்டு எடுக்க வேண்டும்.
பல்லும் அப்படித்தான்.

பதினேழாமவனின் வில் ஒடிந்தது.
ஒட்டினேன், ஒடிந்தது.
கம்பி வைத்தேன், ஒடிந்தது.
வெல்ஷில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்குப்
பூனை எழுந்து வேறு அறைக்குப் போனது.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
இடித்தது என் முழங்கை.
கடைசியில் அவனை இடுப்பில் வளைத்துக் குனியவைத்தேன்.
தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிர் ஒன்று அம்பானது.
அதை மண்ணிலிருந்து பிடுங்குகிறவன் ஆனான்.

நிற்க, ஆளுக்கொரு இரண்டு பென்னிக் காசு.
அந்தக் காலத்தில் அவர்களுக்கு நாள்கூலியே அதுதான்
என்கிறான் இட்வல். பிரெஞ்சுக் குதிரைப்படை அவனுடையது.
காசின் மேல் பசை, பசை மேல்
அடுப்பில் சுட்டெடுத்த கொல்லை மண்.
(புழு எதுவும் உயிரோடு போருக்குப் போக வேண்டாம்.)
பழைய ராணியின் கன்னம் மூடியது, மூக்கு மூடியது,
கிரீடம் இருந்த இடத்தில் ஒரு கொத்துப் புல்.
மழை நின்று இரண்டு மணி நேரம் ஆன சேறு வேண்டும் எனக்கு.
பள்ளத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷ்,
முழங்கால் வரை தெறிப்பு.
முன்னால் பல்குத்தும் குச்சிகளைச் சீவிச் சாய்த்து நட்டேன்.

“இந்த முளைவேலி எழுபது வருஷம் பிந்தியது” என்றான் இட்வல்.
என் மேஜை, என் நூற்றாண்டு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ரக்பி கிளப்பின் மாடி.
பதினொரு வாரம் தீட்டிய படை
முதல் முறை களம் காண்கிறது.
பன்னிரண்டு பகடை உருட்டினேன்.
ஒன்பதில் ஒன்று.
இட்வலின் குதிரைகள் வந்தன,
போன வருஷத்திலிருந்து வெறும் அடிப்பூச்சோடு நிற்பவை,
முகமில்லாத வீரர்கள், ஒரு குதிரைக்கு வாலும் இல்லை.
வேலியைத் தாண்டினார்களா, வேலி நகர்ந்ததா,
விதிப்புத்தகத்தைப் புரட்டுவதற்குள்
தேநீரே ஆறவில்லை,
படை முடிந்தது.

“அழகான படை” என்றான், உண்மையாகவே.
அதுதான் வலித்தது.

ஒவ்வொருவராக எடுத்து முட்டைப் பெட்டியில் வைத்தேன்.
பதினேழாமவன் மட்டும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.
சண்டை வந்ததும் போனதும் தெரியாமல்
இன்னும் பிடுங்கிக்கொண்டிருந்தான்,
அம்பு பாதி வெளியே.

திங்கள் காலை ஒரு கடைவாய்ப்பல் காத்திருந்தது.
என் நகத்தடியில் பச்சை.