உவர் பூத்தல்

கார்த்திகை மழை இடைவிட்ட ஒரு மாலை
அவசரப்பட்டுவிட்டேன்.
வார்னிஷ் டப்பாவைக் குலுக்கி
மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்
ஒரு முழத் தூரத்தில் பிடித்து
இரண்டே வீச்சு.
நாற்பத்தாறு இரவு தீட்டிய கறுப்பு ட்ராகன்
என் கண்முன்னே
வெள்ளையாய்ப் பூத்துப்போனது.

ஈரக்காற்றில் அடிக்காதீர்கள் என்று
டப்பாவின் முதுகில் எழுதித்தான் இருக்கிறது.
ஈரமில்லாத காற்றுக்கு
திருகோணமலையில் நான் எங்கே போக?
மூன்று பக்கம் கடல்.
நாலாம் பக்கம் மழை.

பெட்டியில் வந்தபோது அது வெறும் சாம்பல் நிறம்.
தபால் கந்தோரில் திலகசிறி
ஒரு சிறகை விரலால் நிமிர்த்திப் பார்த்து
"பிள்ளைக்கா?" என்றார்.
"எனக்கு."
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.
பேனையைக் கடித்து யோசித்து
அலங்காரப் பொருள் என்று எழுதி
நானூற்றெழுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பகலில் நான் பல் கட்டுகிறவள்.
ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
கடல் தெரியாத, ஆனால் கேட்கிற அறையில்
மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குவேன்.
மூதூர் லோஞ்சில் வந்து இறங்குகிறவர்களின்
சிரிப்புக்கு நிறம் பார்ப்பேன்.
பல்லுக்கு வெள்ளை என்றொரு நிறம் கிடையாது.
தேத்தண்ணிக்கு ஒரு மஞ்சள், சுருட்டுக்கு ஒரு மஞ்சள்,
யாரோடும் பேசாமல் இருந்தவருக்கு
வேறொரு மஞ்சள்.

இரவில் அதே கை, அதே ஊசிக்கருவி.
அச்சுக்கோட்டைச் சுரண்டி எடுக்கவும்
அரிசியளவு வாய்க்குள் நாக்கு வைக்கவும்.
அலுமாரியில் கொப்ளின்கள் முப்பத்தொன்று நிற்கின்றன,
ஒன்றுக்கும் பல் வரிசை சரியில்லை.
ஒன்றுக்கு முன்னிரண்டும் இல்லை,
ஒன்று தங்கப்பல் கட்டியிருக்கிறது.
யாருடைய வாய்கள் என்று சொல்லமாட்டேன்.
தொழில் தர்மம்.

எதற்கும் கண்ணை முதலில் எழுதிவிடுவேன்.
சிற்பிமார் கடைசியில்தான் திறப்பார்களாம்.
எனக்கு அந்தத் துணிவில்லை.
பிழைத்தால் அழிக்கத் தொடக்கத்தில்தானே வசதி.
தவிர, பார்த்துக்கொண்டிருக்கட்டுமே
நான் என்ன செய்கிறேன் என்று.

அப்படித்தான் இதுவும்
முதல் இரவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது:
பிடரிக்குக் கோட்டை வாசல் மானைப் பார்த்துக்
கலந்த பழுப்பு;
வயிற்றுக் கறுப்புக்குள் ஒரு சொட்டுப் பச்சை,
உள்துறைமுகத்தில் எண்ணெய் மிதக்கும் இடத்துப் பச்சை;
கரண்ட் போன இரவுகளில்
கைபேசி வெளிச்சத்தில் போட்ட செதில்கள்,
அவை மட்டும் கொஞ்சம் கோணல்.

"யாளி இருக்கு, மகரம் இருக்கு,
என்னத்துக்கடி வெள்ளைக்காரன்ர பல்லி?"
யூஜினா ஒருநாள் கேட்டாள்.
யாளிக்கு ஏற்கெனவே ஒரு தூண் இருக்கிறது.
இதற்கு என் மேசைதான்.
அதைச் சொல்லாமல்
அவளுக்கு ஒரு தூரிகையைக் கழுவக் கொடுத்தேன்.

வெளுத்ததைப் படமெடுத்து
கிண்ணியா அஸ்மீருக்கு அனுப்பினேன்.
அவன் தீட்டுவதில்லை, சேர்ப்பவன்.
பெட்டியின் ஒட்டுநாடாவைக்கூடப் பிரிக்காமல்
கூரைவரை அடுக்கி வைத்திருப்பவன்.
உடனே குரல் வந்தது:
"நானே எடுக்கிறன். பனி ட்ராகன் எண்டு வைப்பம்.
விலையைச் சொல்லுங்க."

பனியை இங்கே யார் கண்டது?
ஜன்னலோரச் சுவரைப் பார்த்தேன்.
சுண்ணாம்பு உதிர்ந்து
முழங்கால் உயரத்துக்கு உவர் பூத்திருந்தது.
வாடகை வீடு; மூன்றுமுறை பூசியாயிற்று,
மூன்றுமுறையும் வந்துவிட்டது.
இந்த மேட்டுக்கு உவர்மலை என்று
யாரும் சும்மா பெயர் வைக்கவில்லை.

சுண்டுவிரலில் தேங்காயெண்ணெய் தொட்டு
மெல்லக் கழுத்தில் தேய்த்தேன்.
கறுப்பு திரும்பி வந்தது,
தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் தலை தூக்குவதுபோல்.
நெஞ்சு வந்தது. பச்சை வந்தது.
கோணல் செதில்களும் குறையாமல் வந்தன.
இடது சிறகு வந்தது.

வலது சிறகுக்கு வந்தபோது
விரலைத் துணியில் துடைத்துவிட்டேன்.

"விலைக்கில்லை" என்று அனுப்பினேன்.
"அப்ப அதுக்கு என்ன பேர்?" என்றான்.
நாளைக்கு ஒன்பது மேல்தாடை காத்திருக்கிறது,
மழையும் திரும்பத் தொடங்கிவிட்டது.
பாதிக்கு மேல் உலர்ந்த, பாதிக்கு மேல் நனைந்த அதைப்
பார்த்துக்கொண்டே தட்டினேன்:
அலங்காரப் பொருள்.