பேச்சு: ஒன்று

“வலி இல்ல” என்றாள் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்.
குழித்துறையில் என் காதுக்கு
“வலி” மட்டும் வந்து சேர்ந்தது.
“வேதனயுண்டு” என்று மலையாளத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஊசியில் மருந்து ஏறிய பிறகுதான்
அவள் மறுபடி கத்தினாள்.

அந்த “இல்ல” எங்கே மாட்டிக்கொண்டு நின்றிருக்கும்?
ஹாலில் பெல்ஜின் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
மாடியில் லிஜோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.
ரப்பர் ஷீட் காயும் கொட்டகையின் கேமரா
யாரும் வராத இருட்டை
விடியவிடிய மேலே அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு ரவுட்டருக்குள் நுழைந்தேன்.
வாங்கிய நாளின் பாஸ்வேர்டு அப்படியே இருந்தது.
பேச்சு: ஒன்று.
மிச்சமெல்லாம் மார்த்தாண்டம் பாலத்தடியில்
பஸ் நிற்கிற மாதிரி நிற்கட்டும்.
இருட்டுக்குக் கடைசி இடம்.

“மதினி, எனக்க ஆளு செவுத்துல முட்டிகிட்டு நிக்கான்.”
“நிக்கட்டு.”

மறுநாள் ஒரு மனிதர், குளச்சல் பேச்சு.
டாக்டர் சொன்னதை ஓர் எழுத்து சிந்தாமல் வாங்கி
ஓர் எழுத்து சிந்தாமல் கொடுத்தேன்.
அப்புறம் அவர் பேசவில்லை.
முன்பென்றால் லைன் போய்விட்டதென்று
ஹலோ, ஹலோ என்றிருப்பேன்.
இப்போது மூச்சு கேட்டது.
கட்டில் சக்கரம் கேட்டது.
யாரோ டம்ளரை மெல்ல வைத்தது கூட
வரிசையில் முன்னால் வந்தது.

“எந்தா பறஞ்ஞது?” என்றார் டாக்டர்.

அவர் எடுத்துக்கொண்ட அதே நேரத்தை
நானும் எடுத்துக்கொண்டேன்.