முன்மொழிவுப் படிவம்

காலை ஐந்தேமுக்கால். சுதந்திர சதுக்கத்தில்
இருட்டோடு ஓட வந்தவர்கள்
இருட்டு போன பிறகும் ஓடுவார்கள்.
மரியபுஷ்பம் பானை மூடியைத் திறக்கிறாள்:
வல்லாரை, முடக்கொத்தான், சிவப்பரிசி,
தேங்காய்ப்பால் கடைசியில்,
கடதாசித் துண்டில் ஒரு கடி கித்துள் கருப்பட்டி.
கோப்பை நூற்றைம்பது.

நல்லைநாதர் இரண்டு குடிப்பார்.
எண்பத்தாறு வயது, வெள்ளைச் சப்பாத்து.
கறுவாத்தோட்டத்தில் வீடு,
வாசலில் அவரைவிட மூத்த நிழல்வாகைகள்.
"எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில
இதைத்தானே சாப்பிட்டவை, அதுதான் இந்த ஆயுள்" என்பார்,
மணிக்கூட்டில் தன் நாடித்துடிப்பைப் பார்த்தபடி.
அந்தக் காலத்து ஆக்களில்
ஐந்து வயதைத் தாண்டாதவர்களை
அவர் எண்ணுவதில்லை. யாரும் எண்ணுவதில்லை.

நான் ஆயுள் காப்புறுதி முகவர்.
எண்ணுவது என் பிழைப்பு.

நேற்று அவளுடைய தோட்டத்துக்குப் போனேன்.
கிராண்ட்பாஸில் அதற்கும் தோட்டம் என்றுதான் பெயர்:
மரம் கிடையாது,
நாற்பத்தொரு கதவு, மூன்று குழாய்,
வீட்டுக்குப் பின்னால் கால்வாய்,
மழை நாளில் முன்னாலும்.

படிவத்தை மடியில் வைத்து எழுதினேன்.
வயது: நாற்பத்தேழு.
தகப்பன் இறந்த வயது: ஐம்பத்திரண்டு.
"துறைமுகத்துல மூட்டை. நெஞ்சு."
தாய்: "சரியாத் தெரியாது.
இப்ப எனக்கு இருக்கிற வயசு வரல்ல."
புகை பிடிப்பதுண்டா: இல்லை.
(எங்கேயோ குப்பை எரித்த புகை யன்னலால் வந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.
படிவம் கேட்பது
நாம் பிடிக்கிற புகையை மட்டும்.)
நீரிழிவு: உண்டு.
மருந்து: கைச்செலவு பிடிக்காத மாதங்களில்.

காலையில் என்ன சாப்பாடு என்று
படிவம் கேட்கவில்லை, நான் கேட்டேன்.
"பாண். நேத்தையதுன்னா பாதி விலை. சீனி போட்டு பிளேன்ரீ."
கஞ்சி?
சிரித்தாள்.
"ஒரு கோப்பை நான் குடிச்சா
பிள்ளைக்கு ஒரு றாத்தல் பாண் போச்சே அண்ணே.
ரெண்டு மணிக்கு எழும்பி இலை அரைக்கிறேன்.
தூக்கத்துக்கு ஏதும் இலை இருக்கா?"

கையெழுத்து வைக்கும்போது,
கொத்தமல்லிக் கட்டு விலை கேட்பது போலக் கேட்டாள்:
"உங்க கொம்பனி எனக்கு எத்தனை வருஷம் போட்டிருக்கு?
மகள் ஏ.எல். முடிக்க ஒன்பது வேணும்.
மிச்சத்தை அந்த நல்லைநாதர் ஐயாவுக்கே குடுத்துருங்க."

அட்டவணை என் பையில் இருந்தது.
சிப்பைத் திறக்கவில்லை.

இன்று எட்டரைக்கு,
இனிப் புளித்துவிடும் என்று
பானையின் அடியில் நின்றதை எனக்கு ஊற்றித் தந்தாள்.
காசு வாங்கவில்லை.
கருப்பட்டியைக் கடித்தால் ஒளிந்துகொண்டு
விழுங்கியதும் திரும்பி வருகிற கசப்பு.

அலுவலகத்தில் பார்த்தேன்,
இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.
தொழில்: உணவு வியாபாரம்.
தொழிலாலோ வசிப்பிடத்தாலோ உயிருக்கு ஆபத்து உண்டா:
உண்டு என்றால் கட்டுப்பணம் ஏறும், அவளால் ஏலாது.
மாதக் கடைசி, எனக்கும் இன்னும் இரண்டு பொலிசி வேண்டும்.

இல்லை என்று எழுதினேன்.
ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.
என் கையெழுத்து எப்போதும் அழகு.