தன்மை ஒருமை

மொழிபெயர்க்க வருகிறவர்களுக்கு
முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள்:
‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்கக்கூடாது.
அவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’.

ஆகவே
பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில்
மணித்தியாலத்துக்கு இத்தனை பிராங்க் என்று
நான் குடிக்கிறேன்.
இரண்டு மொழியிலும் அந்த வசனத்தில்
ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை.

பெயர் சொல்லமாட்டேன், கையெழுத்திட்டிருக்கிறேன்.
பத்தேகால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
நீலச் சேர்ட்.
உணவகத்துச் சவர்க்காரம் தோலுரித்த விரல்கள்.
தேர்த் திருவிழாவில் இவரைக் கண்டிருக்கிறேன்,
இவரும் என்னை.
இருவரும் யன்னலைப் பார்க்கிறோம்.

டொக்டர் அம்ஸ்டுட்ஸ் கேட்கிறார்:
ஒரு நாளைக்கு எவ்வளவு?

“கௌரிக் காப்புக்கு இருபத்தொரு நாள் தொடமாட்டன்.
அது முடிய அடுத்த நாளே கந்தசட்டி.
எல்லாமாய் இருபத்தேழு.”

நான் தொடுவதில்லை, இருபத்தேழு நாள், என்கிறேன் டொச்சில்.
டொக்டரின் பேனை நிமிர்கிறது:
அப்படியென்றால் உங்களால் முடியும்!

“அது நான் இல்லை. அது முருகன்.”

அது நான் இல்லை, என்கிறேன். அது முருகன்.
டொக்டர் எழுத்துக்கூட்டச் சொல்கிறார்.
பாரணைச் சோறு செமிக்க முன்னம்
கோயில் கார்த் தரிப்பிடத்தில்
எந்தக் கார் டிக்கி திறக்குமென்று
எனக்குத் தெரியும்.
கேட்காததை மொழிபெயர்க்கக்கூடாது.

“சாமத்தியவீட்டு ஹோலுக்கு வெளியில
கப்பை நீட்டுவாங்கள். வேண்டாமெண்டால்
‘என்ன, பெந்தக்கோஸ்தில சேந்திட்டியோ?’ எண்டு சிரிப்பாங்கள்.

“அங்கயும் போனனான்.
தலையில கை வைச்சுச் செபிச்சினம். அஞ்சு மாதம்.
பிசாசு போட்டுதெண்டு மைக்கில சாட்சி சொன்னனான்.
பிறகு ஒரு சனிக்கிழமை...
போனது திரும்பி வந்திட்டுதெண்டு
மைக்கில சொல்ல ஏலுமோ?”

சொல்ல முடியுமா, என்று கேட்கிறேன் நான்,
டொக்டரைப் பார்த்து, என் குரலில்.

நித்திரை எப்படி?

“படுத்தால் ஆக்கள் வருவினம்.”

யார்?

சுவர் மணிக்கூட்டில் சத்தமில்லை.
மணிக்கூடு செய்யும் ஊரில்
எல்லாம் ஓசையின்றி நகரும்.

“வெறி இல்லாட்டித்தான் எனக்கு வெறி.”

முதல் தடவையாக நான் நிற்கிறேன்.
குடியேறிய தலைக்கு வெறி.
கடிக்கவரும் நாய்க்கு வெறி.
வேலன் மேலேறி ஆடியதும் வெறி.
எதை எடுப்பது?
டொக்டர் என்னைப் பார்க்கிறார்.
போதை இல்லாவிட்டால்தான் எனக்குப் பைத்தியம், என்கிறேன்.
பாதி கீழே சிந்திவிட்டது.

லிஃப்டில் அவர் சொன்னார்:
“நான் சொன்னதைவிட நீங்கள் சொன்னது வடிவாயிருந்தது, தங்கச்சி.”

மிக்ரோவில் விற்பதில்லை என்பதால்
நான் எப்போதும் கோப்புக்குப் போகிறவள்.
கண்ணாடிப் போத்தல் கைப்பைக்குள் கதைக்கும்.
கடதாசிப் பெட்டி வைன் வாய் திறக்காது.
பெண்களுக்கு யாரும் டிக்கி திறப்பதில்லை.
குளியலறை,
திறந்துவிட்ட தண்ணீர்க் குழாய்,
பிறகு ஏலக்காய் இரண்டு.
வெள்ளிக்கிழமைகளில் இல்லை.
பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில்.

இன்று பத்தேகால்காரர் வரவில்லை.
கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்கும் சம்பளமுண்டு.
டொக்டர் ஒரு கோப்பியை என் பக்கம் தள்ளினார்.
மழை வரும்போலிருக்கிறது என்றார்.
பிறகு, சும்மாதான்,
நீங்கள் எப்படி, நித்திரையெல்லாம் கொள்கிறீர்களா என்றார்.

நான் திரும்பி
வெறுங்கதிரையைப் பார்த்தேன்,
அது பதில் சொல்லி முடிக்கட்டும்,
பிறகு மொழிபெயர்க்கலாமென்று.