வண்டி வீடு திரும்பும் மாதம்

ஈரோட்டில் டிக்கெட் போடும் பையன் சொன்னான்:
"தையில போங்கக்கா, இல்லாட்டி மாசியில.
அந்தமான் கடல் அப்பத்தான் கண்ணாடி மாதிரி நிக்கும்."

தையில் இவர்
ராய்ச்சூருக்கு அந்தப்புறம் ஏதோ சோளக்காட்டில்
கரும்பாறைக்குள் பைப் இறக்கிக்கொண்டிருப்பார்.
மாசி பங்குனியைக் கேட்கவே வேண்டாம்.
திருச்செங்கோட்டில் எங்கள் வீதி முழுக்க
ரிக் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள்.
எந்த ஊர்க் கிணறோ வற்றினால்
எங்கள் வீட்டுக் கடன் வற்றும்.

மழை பிடித்தால்தான் வண்டி திரும்பும்.
ஐப்பசியில் வாசலை அடைத்துக்கொண்டு
தார்ப்பாய் போர்த்தி நிற்கும்.
உள்ளே அர்த்தநாரி என்கிற ஒருவர்
எந்த சுவிட்சு எந்த ஃபேனுக்கு என்று
மூன்று நாள் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

"ஐப்பசிக்கே போடு கண்ணு."
"மழைங்கக்கா. கடல் ஆடும்."
"ஆடட்டும். விலை குறையுமில்ல?"

ஆடியில் சர்வீசுக்கு வந்திருந்த பத்து நாளில்
டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
திட்டம் போட்டோம்.
இவருக்கு ரூபாயில் ஓடாது, அடியில்தான்.
"போக வர நாலு பேருக்கு அறநூறு அடி.
ரூம் ஒரு ராத்திரிக்கு நாப்பது.
ரெண்டு போரு போட்டாப் போதும்,
பாக்கி வெக்காத பார்ட்டியா இருக்கோணும்."
கபினேஷுக்கு ஆமை பார்க்க வேண்டும்.
நிவேதிகாவுக்கு ஜன்னல் சீட்டு,
போகும்போதும் வரும்போதும்.
எனக்கு என்ன வேண்டும் என்று
நான் யோசிப்பதற்குள் பக்கம் முடிந்துவிட்டது.

ஓட்டல்காரரிடம் இவர் கேட்ட ஒரே கேள்வி:
"குடிக்கற தண்ணிக்கு என்னங்க பண்றீங்க? போரா?
எத்தனை அடியில வருது?"
பிள்ளைகள் மெத்தையில் விழுந்து சிரித்தன.
இவர் சிரிக்கவில்லை.
ராத்திரி, விளக்கணைத்த பிறகு, இருட்டைப் பார்த்து:
"கொஞ்சம் ஆழம் போனா உப்பு வந்துருமாம்.
அத்தனை தண்ணிக்கு நடுவுல."
யாரோ ஒரு சொந்தக்காரருக்கு நேர்ந்ததுபோல் சொன்னார்.

நாத்தனார் போனில் கேட்டாள்:
பழனிக்குப் போயிட்டு வந்தாப் பத்தாதா,
கடலைத் தாண்டோணுமா?
தாண்டவில்லை, நடுவில் இறங்கிக்கொள்கிறோம் என்றேன்.

பிறகு அந்தப் படிவம் வந்தது, படகுக்காரர்கள் அனுப்பியது.
நீச்சல் தெரியுமா, ஆம், இல்லை.
நிவேதிகா ஒவ்வொருவராய் நிரப்பினாள்.
அப்பா இல்லை. தம்பி இல்லை. நான் இல்லை.
என்னைக் கேட்காமலே நாலாவது இல்லை.

"அதை அழி."

மூன்று தலைகள் திரும்பின.
காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில்
ஏழு வயதில் முதுகில் சுரைப்புருடை கட்டிக் குதித்தவள்,
பத்து வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து,
புருடை இல்லாமல்.
கல்யாணத்துக்கு மறுவருசம்
அதே கிணற்றின் அடித்தரையில்
இவரேதான் போர் இறக்கினார்.
எழுநூறு அடிக்குப் புகைதான் வந்தது.
அப்பாவிடம் பாதிப் பணம் வாங்கிக்கொண்டார்.

"சொல்லவே இல்லையே" என்றார்.
"எங்க வெச்சுச் சொல்றது?" என்றேன்.
வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்,
புதிதாக வாங்கிய மெஷினைப் பார்ப்பதுபோல்.

இன்று புரட்டாசி இருபத்தியெட்டு.
மேகம் வருகிறது, மலைக்கு மேல் நிற்கிறது,
கிளம்பிவிடுகிறது.
ராய்ச்சூரில் இன்னும் வேலை கூப்பிடுகிறார்களாம்.
"ரெண்டு பாயிண்ட் முடிச்சுட்டு வந்தர்றேன்" என்கிறார்.
அந்த ரெண்டு எத்தனை என்று எனக்குத் தெரியும்.
டிக்கெட்டைத் திருப்பினால் பணம் வராது.

மழை பெய்யட்டும் என்று
பதினாலு வருசத்தில் முதல் தடவையாகச்
சாமி படத்துக்கு முன்னால் நின்றேன்.
வாசலில் வண்டி நின்றிருந்தால்
அதற்குக் கேட்டிருக்கும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும்
குளியலறையில் பெரிய அண்டாவை நிரப்பி
முகத்தை உள்ளே விட்டு எண்ணிப் பார்க்கிறேன்.
நேற்று இருபத்தியாறு.
இன்று முப்பத்தியெட்டு வரை வந்தது.