இழுபடுகிற சில்லு

பஞ்சிகாவத்தையில் எட்டு வாங்கினோம்.
பக்கச்சுவரில் இருந்த பெயரை
நிஸ்தார் நானா ஒரு விதமாக வாசித்தார்,
உருட்டிக்கொண்டு வந்த பையன் இன்னொரு விதமாக.
நான் பில்லில் ‘சீனா – 8’ என்று எழுதிக்கொண்டேன்.

“முன்சில்லுக்கு என்றால் தரமாட்டேன் தங்கச்சி.
இது ரெயிலருக்குத்தானே, இழுபடுகிற சில்லு.
திருப்பவும் வேணாம், தள்ளவும் வேணாம்,
பின்னால போனால் போதும்.”
கேரண்டி எவ்வளவு காலம் என்று கேட்டேன்.
தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்பினார்.

ஒருகொடவத்தை யார்டில்
டயர்ப் புத்தகம் என் பொறுப்பு.
ஒரு டயருக்கு ஒரு வரி:
இலக்கம், பூட்டிய திகதி, ஓடிய தூரம்,
கழற்றிய திகதி, காரணம்.
எத்தனையாம் கிழமை, எந்த வருஷம் பிறந்ததென்று
ரப்பரிலேயே நாலு இலக்கம் அச்சடித்திருக்கும்.
இந்த எட்டும் ஒரே கிழமைக் குட்டிகள்.
மயிர் மயிராய் நீட்டிக்கொண்டிருந்தது புது ரப்பர்.
ஒருதரம் தடவிப் பார்த்தேன்,
யாராவது பார்த்தார்களா என்றும் பார்த்தேன்.

முதல் இழுத்தது ஒரு நாற்பதடிப் பெட்டி,
துறைமுகத்திலிருந்து சப்புகஸ்கந்தைக்கு.
உள்ளே என்ன என்று சுங்கத் தாளைப் புரட்டினால்
டயர்.
மரியநாயகம் அண்ணன் சிரித்ததில்
வெற்றிலைச் சாறு ஸ்டியரிங்கில் தெறித்தது.
“தம்பிமாரைத் தூக்கிக்கொண்டு போறானுகள்!”

அவருக்கு இதுகளைப் பிடிக்காது.
‘சீனவெடி’ என்பார்.
நாங்கள் பட்டாசுக்கே அப்படித்தானே சொல்வது,
பெயர் வைக்க அவர் கஷ்டப்படவில்லை.
முழுப் பொய்யுமில்லை.
போன வருஷம் வாங்கிய வேறொரு மார்க்கில்
இரண்டுக்கு ஆறாம் கிழமையே
கூகைக்கட்டு வந்த கன்னம் மாதிரி வீங்கிப்போனது.
இன்னொன்று றாகமவுக்குக் கிட்ட
தோலை உரித்து ரோட்டில் போட்டுவிட்டுக்
கம்பியோடு வீடு வந்தது.
அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

இந்தமுறை களனிப் பாலத்து ஏற்றம்.
மத்தியானம் ஒன்றேகால்.
நாலாம் சில்லு.
மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் தப்பினான்,
அவனுடைய பக்கக் கண்ணாடி தப்பவில்லை.
பின்னால் நின்ற நூற்று எழுபத்தேழாம் பஸ்ஸே
டயரைப் பார்க்காமல் சொன்னது: சீனாச் சாமான்.
பொலிஸும் சொன்னது.
முதலாளி தொலைபேசியில் சொன்னார்:
“காரணத்தில தரக்குறைவு என்று போடுங்க.
இன்சூரன்ஸ்காரன் வேற கேள்வி கேட்க மாட்டான்.”

தராசுச் சீட்டு என் லாச்சியில் இருக்கிறது.
தாளில் இருபது தொன், தராசில் இருபத்தேழு.
நாலாம் சில்லின் ஜோடி மூன்றாம் சில்லு.
அது எத்தனை நாளாகக் காற்றில்லாமல் போனதோ.
ஜோடியில் ஒன்று சோர்ந்தால் வெளியில் தெரியாது.
மற்றது நிமிர்ந்தே நிற்கும்
இரண்டு பேருடைய பாரத்தையும் வாங்கிக்கொண்டு,
உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு.
காற்றுப் பார்க்கும் மீற்றர் உடைந்து இரண்டு மாதம்.
நாலாயிரம் ரூபாய்ச் சாமான்.
மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன்,
மூன்றாம் தரம் சிவப்புப் பேனையால்.

‘காரணம்’ என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
இவ்வளவும் அதற்குள் போகாது.
சீனா போகும். இரண்டு எழுத்து.

பேனையை மூடி வைத்துவிட்டு
யார்டுக்குள் ஒருதரம் நடந்தேன்.
மூன்றாமதுக்கு ஒட்டுப் போட்டாயிற்று,
நாலாம் இடத்தில் ஒரு பழையது.
விடிய நாலு மணிக்குப் பியகமவுக்கு லோட்.
எழுபத்தோராயிரம் கிலோமீற்றர்
ஒரு சத்தமும் போடாமல் ஓடியவற்றைப் பற்றி
என் புத்தகத்தில் ஒன்றுமில்லை.
கழற்றினால்தான் வரி நிறையும்.

டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன்.
ஆறாம் சில்லின் உள்விளிம்பில்
இன்னும் தேயாமல் இருக்கிறது
இரண்டு மயிர்.