நீல அடுக்கு

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
விடிகாலை மூன்றரைக்கு
ஸ்நோயி ஆற்றைத் திறக்கிறேன்.
ஆஸ்திரேலியாவில் இப்போது ஒன்பதரை,
ஆபீஸ் நேரம்.

கொசியஸ்கோ சரிவில் அது
நூல் கனம்கூட இல்லை.
கிளிக். கிளிக்.
பனிக்கு இந்தக் கோப்பில் அடுக்கு கிடையாது,
உருகினால்தான் என் வேலை.

ஜிண்டபைனில் அணை.
அங்கே பெரும்பங்கை மலைக்கடியில் குடைந்து
மேற்கே கொண்டுபோய்விட்டார்கள்:
புள்ளிக்கோடு.
மிச்சம் தெற்கே போகிறது,
என்ன நினைத்ததோ மேற்கே ஒரு வளைவு,
மறுபடி தெற்கு.

சமஉயரக் கோடு ஆற்றைத் தாண்டுமிடத்தில்
கூராக மடியும்.
அந்தக் கூர் நீர் வந்த திசையைத்தான் காட்டும்,
போகிற திசையை அல்ல.
நேற்று எண்ணூறு மீட்டரில்
ஒன்றை மாற்றி மடித்துவிட்டேன்.
மெஹருன்னிசா மேடம் சிவப்பில் எழுதியிருந்தார்:
'தேவசகாயம், உங்கள் ஆறு மலை ஏறுகிறது.'

ஐந்து மணிக்குக் கீழே குல்ஸமானின் டேங்கர்.
உப்பு நீக்கிய கடல்
தடித்த குழாயில் உறுமிக்கொண்டு
ஆறாவது மாடிக்கு ஏறுகிறது.
யாரும் சிவப்பில் எழுதுவதில்லை.

ரசீதில் கையெழுத்து வாங்க வந்தவர்
திரையைப் பார்த்து நின்றார்.
"இது எத்தனை காலன்?"
தெரியாது பாய், நீளம் மட்டும்தான் கேட்டார்கள்.
"யார் ஓட்டுகிறார்?"
சரிவு.
தலையை ஆட்டிக்கொண்டார்,
டீசல் செலவில்லாத வண்டி.

மார்லோவில் மணல்திட்டு.
பக்கத்திலேயே பிராட்ரிப் வந்து சேர்கிறது.
அப்பால் இருக்கும் கடல்
எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.
இரட்டைக் கிளிக் செய்தால் ஆறு முடிந்துவிடும்.

சுட்டியை அப்படியே விட்டுவிட்டு
டீ வாங்கப் போகிறேன்.
கர்சரின் நுனியில்
ரப்பர் போல இழுபட்டுக்கொண்டு நிற்கிறது
கடைசித் துண்டு நீலம்.